ஆற்றங்கரையில் பிறந்த மஞ்சள்

1950 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. உருகுவே நாட்டின் எல்லை ஊரான ரியோ பிராங்கோவில் ஒரு சினிமா கொட்டகை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரேசில்; அங்கே உள்ள ஊர் ஜாகுவராவ். அங்கிருந்து பாலத்தைக் கடந்து படம் பார்க்க வந்த பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கொட்டகைக்குள் இருந்தான். பாதிப் படத்தில் காட்சி நின்றது. விளக்கைப் போட்டார்கள். உருகுவே கால்பந்து உலகக் கோப்பையை வென்றுவிட்டது என்று அறிவித்தார்கள். கொட்டகை முழுக்க எழுந்து நின்று தேசிய கீதம் பாடியது.

பையன் பிரேசில்காரன். தோற்றது அவன் நாடு. ஆனால் அந்த எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாடு என்பது வரைபடத்தில் போட்ட கோடு போல அவ்வளவு நறுக்காக இருப்பதில்லை. பிரேசில் கரையில் போர்த்துகீசியம், உருகுவே கரையில் ஸ்பானிஷ், நடுவே இரண்டும் கலந்த பேச்சு. பரந்த புல்வெளியும் மாடும் குதிரையும் இரு கரைக்கும் பொது. பையனின் மனசு உருகுவே அணியோடு இருந்தது. கடைசிவரை அப்படியே இருந்தது.

அவன் பெயர் அல்திர் கார்சியா ஷ்லீ. மூன்றரை ஆண்டு கழித்து அவன் ஒரு சட்டையை வரைந்தான். பச்சைக் கழுத்துப்பட்டையும் பச்சைக் கைவிளிம்பும் வைத்த மஞ்சள் சட்டை. பிரேசில் ஐந்து முறை உலகக் கோப்பையை வென்ற கதையை கோல் கோலாகச் சொல்லலாம், பலர் சொல்லியிருக்கிறார்கள். நான் அதை இந்தச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்ல விரும்புகிறேன். வெற்றிக்கு அடையாளமாக உலகமே அறிந்த இந்தத் துணி, ஒரு தோல்வியைத் தாங்க முடியாமல் தைக்கப்பட்டது. போட்டுக்கொண்டவர்கள் எல்லோரும் அந்தத் தோல்வியையும் சேர்த்தே போட்டுக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

அதற்கு முன் பிரேசில் வெள்ளை உடுத்தியது. வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டை. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. 1919இல் ரியோவில் உருகுவேயை 1-0 என்று வீழ்த்தித் தென்னமெரிக்கச் சாம்பியன் ஆனது அந்த வெள்ளையில்தான். இரண்டு முறை கூடுதல் நேரம் கொடுத்து, 150 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் கோல் அடித்தவர் ஆர்தர் ஃப்ரீடன்ரைக். ஜெர்மானியத் தந்தைக்கும் கறுப்பினத் தாய்க்கும் பிறந்தவர். பிரேசிலின் முதல் பெரிய கோப்பை அது. 1922இலும் 1949இலும் அதே பட்டத்தை வென்றபோதும் வெள்ளைதான்.

1950இல் உலகக் கோப்பையை பிரேசிலே நடத்தியது. அதற்கென்றே மரக்கானா அரங்கத்தைக் கட்டினார்கள். இறுதிச் சுற்றில் நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதும் முறை. பிரேசில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் நொறுக்கியிருந்தது. கடைசி ஆட்டத்தில் உருகுவேயோடு சமன் செய்தாலே கோப்பை. சீட்டு வாங்கி உள்ளே போனவர்கள் மட்டும் 1,73,850 பேர். இடைவேளை முடிந்ததும் ஃப்ரியாசா கோல் அடித்தபோது ஊரே வெடித்தது. பிறகு ஸ்கியாஃபினோ சமன் செய்தார். ஆட்டம் முடிய பதினொரு நிமிடம் இருக்கையில் கிஜியா வலப்பக்கமாக ஓடிவந்தார். பந்தை நடுவே தருவார் என்று எண்ணி கோல்கீப்பர் பர்போசா ஓரடி முன்னே நகர்ந்தார். கிஜியா கம்பத்தை ஒட்டி உள்ளே அடித்துவிட்டார். 2-1. அந்தப் பெருங்கூட்டம் சத்தமே இல்லாமல் கலைந்தது.

பவுரு என்ற ஊரில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தகப்பன் அழுதார். அவரும் கால்பந்து ஆடியவர், டொண்டின்யோ என்று பெயர். அப்பா அழுது அதுவரை பார்த்திராத ஒன்பது வயது மகன், அழாதேப்பா, உலகக் கோப்பையை நான் வாங்கித் தருகிறேன் என்றான். மகன் பின்னாளில் பெலே.

பழியை யார் மீதாவது போட வேண்டுமே. பர்போசா மீதும் மற்றக் கறுப்பின வீரர்கள் மீதும் போட்டார்கள். அப்புறம் சட்டை மீது போட்டார்கள். வெள்ளையில் தேசத்தின் உணர்வு இல்லை, கொடியோடு அதற்கு உறவில்லை, அதனால்தான் தோற்றோம் என்றார்கள். சட்டையை மாற்றிவிடலாம், அது பேசாது. பர்போசா 2000ஆம் ஆண்டில் தன் 79ஆவது வயதில் இறக்கும்வரை அந்த ஒரு கோலைச் சுமந்தார். இந்த நாட்டில் கொலைக்குக்கூட முப்பது ஆண்டுதான் அதிகபட்சத் தண்டனை, நான் ஐம்பது ஆண்டாக அனுபவிக்கிறேன் என்று அவர் சொன்னது பிரேசிலில் எல்லோருக்கும் தெரியும். 1993இல் தேசிய அணியைப் பார்க்கப் போனவரை, அபசகுனம் என்று உள்ளே விடவில்லை. மஞ்சள் சட்டையின் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த மனிதரையும் சொல்லாவிட்டால் எனக்கு அது முழுக்கதையாகத் தோன்றுவதில்லை.

1953இல் ரியோவின் கொர்ரெயோ ட மன்யா நாளிதழ் ஒரு போட்டி வைத்தது. தேசிய அணிக்குப் புதுச் சீருடை வரைந்து அனுப்புங்கள். 1954 உலகக் கோப்பையில் அணி அதையே உடுத்தும். ஒரே நிபந்தனை: கொடியில் உள்ள பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் இருக்க வேண்டும்.

ஷ்லீ அப்போது பெலோடாஸ் நகரில் பத்திரிகைகளுக்குப் படம் வரைந்து பிழைத்துக்கொண்டிருந்தார். கால்பந்து ஆட்டங்களில் கோல் எப்படி விழுந்தது என்று கோட்டுப்படமாகப் போடுவது அவர் வேலைகளில் ஒன்று. சட்டை வரைவது சுலபம் என்று உட்கார்ந்தவருக்கு நிபந்தனையின் கஷ்டம் உடனே புரிந்தது. இரண்டு நிறத்தை வைத்துச் சட்டை செய்யலாம். மூன்றும் பரவாயில்லை. நான்கு நிறம் ஒரே சட்டையில் வந்தால் அது திருவிழாத் தோரணம் ஆகிவிடும். குறுக்குப் பட்டை, நெடுக்குப் பட்டை, நெஞ்சில் வி வடிவம், தோளில் பெருக்கல் குறி என்று நூறு படத்துக்கு மேல் வரைந்து பார்த்தார். எதுவும் ஒட்டவில்லை.

வழி கடைசியில் தெரிந்தது. நான்கையும் சட்டையிலேயே திணிக்க வேண்டாம். உடம்பு முழுக்கப் பிரித்துக் கொடுத்துவிடலாம். மஞ்சளும் பச்சையும் நாட்டின் நிறமென்று மக்கள் மனதில் ஏற்கெனவே பதிந்தவை, அவை மேலே. நீலமும் வெள்ளையும் இயல்பாகவே சேர்ந்து போகிறவை, அவை கீழே. மஞ்சள் சட்டை, பச்சை விளிம்பு. நீலக் கால்சட்டை, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. வெள்ளைக் காலுறை. இதற்கு மேல் ஒரு இழை கூடுதலாக இல்லை. ஏழு பத்தாண்டு கழிந்தும் இதன் அடிப்படையில் யாரும் கைவைக்காததற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான்.

பிரேசில் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால், கொடியின் பச்சை காடு, மஞ்சள் தங்கம் என்பார்கள். வரலாறு வேறு சொல்கிறது. பச்சை, முதலாம் பேரரசர் பெட்ரோவின் பிரகான்சா வம்சத்துக்குரியது; மஞ்சள், அவர் மனைவி லெயோபோல்டினா பிறந்த ஹாப்ஸ்பர்க் வம்சத்துக்குரியது. ஆஸ்திரியாவிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண்ணின் பிறந்தவீட்டு நிறம், சந்துகளில் வெறுங்காலோடு பந்து உதைக்கும் பிள்ளைகளின் நிறமாக மாறியது. மஞ்சளை மங்கலம் என்று கொண்டாடும் நமக்கு இந்தப் பயணம் விசேஷமாகப் படுகிறது.

நூற்றுக்கணக்கில் வந்த படங்களில் ஷ்லீயின் படம் முதல் பரிசு பெற்றது. அப்போது அவருக்கு 19 வயது. பணமும், ரியோ நாளிதழில் பயிற்சி வேலையும் கிடைத்தன. 1954 மார்ச் 14 அன்று, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிலியோடு ஆட பிரேசில் மஞ்சளில் மரக்கானாவுக்குள் வந்தது. நான்கு ஆண்டுக்கு முன் வெள்ளை அழுத அதே புல்தரை. பால்டசார் அடித்த ஒரே கோலில் வென்றார்கள்.

புதுச் சட்டை உடனே அதிர்ஷ்டம் கொண்டுவரவில்லை. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தில் நடந்த உலகக் கோப்பையில், பெர்ன் நகரில் ஹங்கேரியோடு கால்பந்தைவிடக் கைகலப்பு அதிகமாக நடந்தது. மூன்று பேர் வெளியேற்றப்பட்டார்கள், 4-2 என்று பிரேசில் தோற்றது.

1958 சுவீடன்தான் திருப்பம். இந்த முறை மருத்துவர், பல் வைத்தியர், மனோதத்துவ நிபுணர் எல்லோரும் அணியோடு சேர்க்கப்பட்டார்கள். பயணத்துக்கு முன் வீரர்களைப் பரிசோதித்தபோதுதான் நாட்டின் ஏழ்மை வெளியே தெரிந்தது: சொத்தையாகிப்போன பற்கள் நூற்றுக்கணக்கில் பிடுங்கப்பட்டன. மனோதத்துவ நிபுணரோ பெலேயைச் சிறுபிள்ளைத்தனம் மாறாதவர் என்று மதிப்பிட்டார். பெலேக்கு அப்போது 17 வயது, சிறுபிள்ளைதானே. காரிஞ்சாவையும் ஒத்துக்கொள்ளவில்லை. பயிற்சியாளர் ஃபெயோலா சோதனை முடிவுகளைக் கேட்டுக்கொண்டு, ஆட்டத்தைத் தன் கண்ணால் பார்த்து முடிவெடுத்தார்.

காரிஞ்சாவைப் பற்றிச் சற்று நிற்க வேண்டும். அவர் பிறந்த பாவ் கிராண்டே ஒரு நெசவாலை ஊர். ஆங்கிலேய முதலாளிகள் நடத்திய ஆலையில் ஊரே வேலை பார்த்தது, அவரும் பார்த்தார். ஆலைக் கணக்கில் மோசமான தொழிலாளி. ஆலை அணிக்கு ஆடுவார் என்பதற்காகவே வைத்திருந்தார்கள். பிறவியிலேயே வளைந்த கால்கள், ஒன்று நீளம், ஒன்று குட்டை. இரண்டும் ஒரே திசையில் வளைந்திருந்ததால் எதிரே நிற்பவனுக்கு அவர் எப்போது பாய்வார் என்று கடைசிவரை பிடிபடாது. பெரும்பாலும் வலப்பக்கம்தான் போவார். தெரிந்தும் தடுக்க முடியாது. அதே ஆட்டக்காரனை ஒருமுறை தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்து, மறுபடியும் தாண்டுவார். துணி நெய்யும் ஊரில் பிறந்தவர் அந்தச் சட்டைக்குள் போனதை நினைக்கும்போது, அது அவருக்காகவே நெய்யப்பட்டதாகத் தோன்றும்.

ஜூன் 15, கோத்தன்பர்க். சோவியத் அணியோடு ஆட்டம். உலகக் கோப்பையில் பெலே, காரிஞ்சா இருவருக்கும் முதல் நாள். தொடங்கிய மூன்று நிமிடத்துக்குள் காரிஞ்சா அடித்த பந்து கம்பத்தில் மோதியது, பெலே அடித்தது மேல்கட்டையில் மோதியது, வாவா அடித்தது கோலுக்குள் போனது. அன்று முதல் பெலேயும் காரிஞ்சாவும் சேர்ந்து களமிறங்கிய எந்த ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதே கிடையாது.

பெலே முதுகில் இருந்த 10ஆம் எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. அணி அதிகாரிகள் எண்களை ஒதுக்கிப் பட்டியல் அனுப்பவில்லை. போட்டி நடத்தியவர்கள் தாங்களாகவே போட்டார்கள். கோல்கீப்பர் ஜில்மாருக்கு 3 வந்தது. மாற்று ஆட்டக்காரனாகப் போன பையனுக்கு 10 விழுந்தது. உலகில் இன்று எந்தத் தெரு அணியிலும் சிறந்தவனுக்கு என்று ஒதுக்கும் எண் அப்படி வந்ததுதான்.

இறுதி ஆட்டம் ஜூன் 29, ஸ்டாக்ஹோமை ஒட்டிய ராசுண்டா அரங்கில், சுவீடனோடு. சுவீடனின் சட்டையும் மஞ்சள். போட்டி நடக்கும் நாடு தன் நிறத்தை வைத்துக்கொண்டது. மாற்ற வேண்டியது பிரேசில். கையில் மாற்றுச் சட்டை இல்லை. வெள்ளையைப் பற்றி யாரும் பேசத் துணியவில்லை. ஸ்டாக்ஹோம் கடையில் நீலச் சட்டைகள் வாங்கினார்கள். மஞ்சள் சட்டைகளிலிருந்து சின்னத்தைப் பிரித்தெடுத்து நீலத்தில் வைத்துத் தைத்தார்கள், எண்களையும் தைத்தார்கள். நாளை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் என்கிற நிலையில், ஊசியும் நூலுமாக யாரோ குனிந்து உட்கார்ந்திருந்த அந்த அறையை நான் பலமுறை மனதில் பார்த்திருக்கிறேன். வீரர்கள் கலங்கிப்போயிருந்தார்கள். சகுனம் பார்ப்பவர்கள் அவர்கள். மஞ்சளைக் கழற்றுவது என்றால் மறுபடியும் 1950 என்று பயந்தார்கள். அணித் தலைமைப் பொறுப்பில் இருந்த பாவ்லோ மஷாடோ டி கார்வாலோ உள்ளே வந்து, கவலை வேண்டாம், நீலம் நம் அபரெசிதா மாதாவின் மேலாடை நிறம் என்றார். பிரேசிலின் காவல் தெய்வம் அந்த மாதா. அதற்கு மேல் யார் என்ன பேச முடியும்?

நான்காவது நிமிடத்தில் சுவீடன் கோல் அடித்தது. டிடி வலைக்குள் போய்ப் பந்தை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடுக்களத்துக்கு நடந்து வந்தார். அந்த நடை மற்றப் பத்துப் பேரையும் தேற்றியது. ஆட்டம் 5-2 என்று முடிந்தது. வாவா இரண்டு, பெலே இரண்டு, சகாலோ ஒன்று. பெலே ஜில்மாரின் தோளில் சாய்ந்து தேம்பினான். பின்வரிசைப் புகைப்படக்காரர்களுக்குத் தெரியவில்லை என்றதும் கேப்டன் பெலினி கோப்பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். அன்றிலிருந்து அது எல்லாக் கேப்டன்களின் வழக்கமானது. பிரேசில் முதன்முதலாக உலகக் கோப்பையைத் தொட்ட அந்த மாலையில் அதன் மஞ்சள் சட்டை களத்தில் இல்லை.

1962இல் சிலியில் இருந்தது. இரண்டாவது ஆட்டத்திலேயே பெலேக்குத் தொடையில் அடி, அத்தோடு அவருக்குப் போட்டி முடிந்தது. காரிஞ்சா அணியைத் தோளில் தூக்கிக்கொண்டார். இங்கிலாந்துக்கு எதிராக இரண்டு கோல், அரையிறுதியில் சிலிக்கு எதிராக இரண்டு கோல். இறுதியில் செக்கோஸ்லோவாகியாவை 3-1 என்று வென்று மஞ்சளோடு கோப்பையை ஏந்தினார்கள். அதே காரிஞ்சா 1983இல் குடியால் உடல் கெட்டு, 49 வயதில், கையில் காசில்லாமல் செத்தார். சட்டை அவருக்குக் கொடுத்ததைவிட அவர் சட்டைக்குக் கொடுத்தது அதிகம்.

1966இல் இங்கிலாந்தில் பெலேயை எதிரணிகள் உதைத்தே வீழ்த்தின. பிரேசில் முதல் சுற்றோடு வீடு திரும்பியது. அடுத்தது 1970.

மெக்சிகோவில் நடந்த அந்த உலகக் கோப்பையைச் செயற்கைக்கோள் வழியாக ஐரோப்பாவில் பலர் வண்ணத்தில் பார்த்தார்கள். மதிய வெயில், பச்சைப் புல், அதன் மேல் ஓடும் மஞ்சள். சட்டை உலகப் புகழ் பெற்றது அந்தச் சில வாரங்களில்தான். ஆனால் பிரேசிலில் வண்ணத் தொலைக்காட்சி முறையாகத் தொடங்கியது 1972இல். உலகக் கோப்பையில் தங்கள் அணியை முதன்முறையாக நேரடி ஒளிபரப்பில் பார்த்த பிரேசில் வீடுகளில், சட்டை சாம்பல் நிறத்தில் ஓடியது. யாருக்காக அந்த மஞ்சளைத் தேர்ந்தார்களோ அவர்கள் அதைக் கற்பனையில் பூசிக்கொண்டார்கள். 1986இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு கறுப்பு வெள்ளை டிவி முன்னால், தூர்தர்ஷனில் பிரேசில் ஆட்டத்தைப் பார்க்க நள்ளிரவு தாண்டி உட்கார்ந்திருந்த எங்களுக்கு இந்த அனுபவம் தெரியும். அது மஞ்சள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் பார்த்ததில்லை.

1970 அணியின் அரையிறுதி எதிரி உருகுவே. சரியாக இருபது ஆண்டு. முதல் கோலையும் உருகுவேதான் அடித்தது. நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டது. இடைவேளைக்குச் சற்று முன் க்ளோடோவால்டோ சமன் செய்தார். பிறகு ஜைர்சின்யோ, ரிவெலினோ. 3-1. இறுதியில் இத்தாலி, 4-1. நான்காவது கோலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. தன் பாதிக் களத்தில் க்ளோடோவால்டோ நான்கு இத்தாலியரை ஒருவர் பின் ஒருவராக ஏமாற்றிப் பந்தை ரிவெலினோவிடம் தள்ளினார். அங்கிருந்து இடக்கோடு வழியாக ஜைர்சின்யோவுக்கு. அவர் உள்ளே வெட்டிப் பெலேக்கு. பெலே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. வலப்பக்கம் ஆளில்லாத வெளியில் பந்தை மெதுவாக உருட்டிவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த கேப்டன் கார்லோஸ் ஆல்பர்ட்டோ, ஓட்டத்தின் வேகம் குறையாமல் அடித்தார். எத்தனை முறை பார்த்தாலும், பெலே பந்தை விட்டதற்கும் கேப்டன் படத்துக்குள் வருவதற்கும் நடுவே உள்ள நொடியில் எனக்கு மூச்சு நிற்கும்.

மூன்றாவது வெற்றி என்பதால், அப்போதைய உலகக் கோப்பையான ஜூல் ரிமே கோப்பை பிரேசிலுக்கே சொந்தமானது. 1983இல் ரியோவில் கால்பந்துக் கூட்டமைப்பு அலுவலகத்திலிருந்து திருடு போனது. பின்னர் கிடைக்கவே இல்லை. அந்த இறுதி ஆட்டத்துக்குப் பின் பெலே இத்தாலியின் ரொசாத்தோவோடு மாற்றிக்கொண்ட மஞ்சள் சட்டை பத்திரமாக இருந்தது. 2002இல் லண்டன் ஏலத்தில் 1,57,750 பவுண்டுக்குப் போனது. தங்கம் தொலைந்தது, துணி நிலைத்தது.

ஆனால் 1970 வெற்றிக்கு ஒரு நிழலும் இருந்தது. நாட்டில் ராணுவ ஆட்சி. அதிபர் மெடிசி வெற்றியைத் தன் ஆட்சியின் விளம்பரமாக்கினார். அதே நேரத்தில் சிறைகளில் சித்திரவதை நடந்தது. சட்டையை வரைந்த ஷ்லீ அந்த ஆட்சிக் காலத்தில் கைதானவர்களில் ஒருவர். அவர் ஓவியத்தை விட்டு விலகிச் சட்டப் பேராசிரியராகவும், எல்லைப்புற மனிதர்களைப் பற்றிக் கதை எழுதும் எழுத்தாளராகவும் ஆகியிருந்தார்.

வென்ற ஆண்டுகளைவிட 1982 என் நெஞ்சில் அதிகம் நிற்கிறது. சாக்ரடீஸ், ஜீகோ, ஃபால்காவ். அவ்வளவு அழகாக ஆடிய அணி பார்சிலோனாவின் சரியா அரங்கில் இத்தாலியிடம் 3-2 என்று தோற்றது. மூன்று கோலும் பாவ்லோ ரோஸி. மறுநாள் சாவ் பாவ்லோவின் ஒரு நாளிதழ் தன் முதல் பக்கம் முழுக்க ஒரே படத்தை வைத்தது: மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பையன், அழுகையை அடக்கி நெஞ்சு விம்ம நிற்கிறான். கீழே ஊரும் தேதியும் மட்டும். பவுருவில் 1950இல் அப்பா அழுததைப் பார்த்த பையனுக்கும் இவனுக்கும் நடுவே மூன்று உலகக் கோப்பைகள் வந்து போயிருந்தன.

1994இல் அமெரிக்காவில் இத்தாலியைப் பெனால்டியில் வென்றது நான்காவது. கட்டுக்கோப்பான அணி, ரொமாரியோவின் கோல்கள், மனதைப் பறிக்காத இறுதி ஆட்டம். 2002 யோகோஹாமா வேறு. முந்தைய உலகக் கோப்பையில் இறுதி ஆட்டத்தன்று வலிப்பு வந்து சாய்ந்த ரொனால்டோ, இரண்டு முழங்கால் அறுவைகளைத் தாண்டி வந்து, ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோலும் தானே அடித்தார். கேப்டன் கஃபூ கோப்பையை வாங்க மேடையின் உச்சியில் ஏறி நின்றார். அவர் நெஞ்சில், மஞ்சளின் மேல், கையால் எழுதியிருந்தது: நூறு சதவீதம் ஜார்டிம் ஐரீன். சாவ் பாவ்லோவின் விளிம்பில் உள்ள ஏழைக் குடியிருப்பு அது, அவர் வளர்ந்த இடம். நிறுவனங்களின் முத்திரையும், வென்ற கோப்பைக்கு ஒன்றாக வைக்கும் நட்சத்திரங்களில் ஐந்தாவதுக்கான இடமும் இருந்த அந்தத் துணியில், ஒரு பேட்டையின் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டார்.

2014இல் உலகக் கோப்பை மறுபடியும் பிரேசிலுக்கு வந்தது. 1950இன் கடனைத் தீர்க்கலாம் என்று நாடு காத்திருந்தது. பெலோ ஹொரிசோன்ட்டியில் ஜெர்மனி 29 நிமிடத்தில் ஐந்து கோல் அடித்தது, முடிவில் 7-1. அரங்கம் நிறைய மஞ்சள் சட்டைகள், கையால் வாய் பொத்தியபடி.

அதற்குப் பின் சட்டைக்கு வேறு வகைச் சோதனை. 2015 முதல் அதிபர் டில்மாவுக்கு எதிரான ஊர்வலங்களில் ஆயிரக்கணக்கானோர் அதைப் போட்டு வந்தார்கள். பிறகு வலதுசாரித் தலைவர் போல்சொனாரோவின் ஆதரவாளர்களுக்குச் சீருடைபோல ஆனது. 2023 ஜனவரி 8 அன்று தலைநகரில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியவர்களில் பலர் மஞ்சளில் இருந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போகும்போது நீலத்தையோ வேறெதையோ போடத் தொடங்கியவர்கள் நிறைய. சட்டை அரசியலுக்குள் இழுக்கப்பட்ட வருத்தம் ஷ்லீக்கும் இருந்தது. ஒரு கட்சி அணிந்துகொண்டதால் சட்டை அவர்களுடையது ஆகிவிடாது என்றே நான் நம்புகிறேன். காரிஞ்சாவும் கஃபூவும் அதில் விட்டுச்சென்ற வியர்வைக்குக் கட்சி கிடையாது. பழைய வெள்ளையும் ஒருமுறை திரும்பி வந்தது: தென்னமெரிக்கச் சாம்பியன் பட்டத்துக்கான 2019 கோபா அமெரிக்காவில், முதல் கோப்பையின் நூற்றாண்டுக்காக, பொலிவியாவோடு ஆடிய தொடக்க ஆட்டத்தில் பிரேசில் வெள்ளை உடுத்தியது. 3-0 என்று வென்றது. வெள்ளைக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

பெண்கள் இந்தச் சட்டைக்குள் வந்தது மிகத் தாமதமாக. 1941 முதல் 1979 வரை பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடுவதற்குச் சட்டப்படி தடை. பெலே, காரிஞ்சா காலம் முழுக்க இந்தத் தடை இருந்தது. அதன் பிறகு வந்த மார்த்தா உலகக் கோப்பைகளில் 17 கோல் அடித்தார். ஆணோ பெண்ணோ வேறு எவரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நீண்ட காலம் பெண்கள் அணியும் ஆண்கள் வென்ற ஐந்து நட்சத்திரங்களையே நெஞ்சில் அணிந்து ஆடியது. 2020இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். நட்சத்திரம் இல்லாத மஞ்சள் அவர்களுடையது. 2027 பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலில் நடக்க இருக்கிறது.

ஷ்லீ 2018 நவம்பர் 15 அன்று பெலோடாஸில் காலமானார். இன்னும் ஒரு வாரத்தில் 84 வயது. மறுநாள் லண்டனில் ஒரு நட்புமுறை ஆட்டம். மாதக்கணக்குக்கு முன்பே குறித்த தேதி. ஆடுவது பிரேசிலும் உருகுவேயும். தொடங்கும் முன் அவருக்காக இரு அணிகளும் மௌனமாக நின்றன. ஒருபுறம் அவர் வரைந்த மஞ்சள், எதிரே, அவருடைய பதினைந்து வயதில் ஒரு சினிமா கொட்டகையே எழுந்து நின்று பாடிய அணியின் வான்நீலம். 76ஆவது நிமிடத்தில் பெனால்டி. 10ஆம் எண்ணோடு நெய்மர் அடித்தார். பிரேசில் 1, உருகுவே 0.